செவ்வாய்க்கிழமை வந்த திருமணப் பதிவு

ஒரு திருமணம் நடந்தது என்பதற்கான சான்றை ஆறு வாரம் நான் மறைத்து வைத்திருந்தேன். அதை அறிந்திருந்தால் நிம்மதியாகக் கண்மூடியிருக்கக்கூடிய ஒரு பெண்மணி, அறியாமலே போய்ச் சேர்ந்தார்.

மறதியால் நேர்ந்ததல்ல. வேலைப்பளுவும் காரணமல்ல. தெரிந்தே செய்தேன்.

யாருடைய திருமணம் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தை ஒட்டி வேல்ஸ் என்றொரு நாடு இருக்கிறது. அங்கே ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கப்பல் மாலுமிக்கும் மாரி என்ற பெண்ணுக்கும் நடந்த திருமணம். பட்டுக்கோட்டைக்காரனான எனக்கு அதில் என்ன வேலை? அதைத்தான் சொல்ல வருகிறேன்... கொஞ்சம் பொறுமை வேண்டும்.

துபாயில் ஒரு கட்டுமான கம்பெனியின் சைட்டில் எனக்குக் கணக்கு வேலை. எத்தனை டன் கம்பி இறங்கியது, எத்தனை மூட்டை சிமெண்ட் போனது, எத்தனை கதவு மாட்டியாயிற்று. எண்ணுவதே பிழைப்பு என்றாகி, பிறகு அதுவே குணமாகவும் ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாமல் என்னால் உட்கார முடியாது.

என் பெயர் நடராசன். ஆனால் இந்த ஊரில் என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் தகப்பனார் பெயரை எழுதிவிட்டார்கள். உங்களில் பலருக்கும் இதே கதைதான் இருக்கும். அன்றிலிருந்து சைட்டிலும் பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் நான் மிஸ்டர் பெரியசாமி.

என் ரூமில் உடனிருப்பவர் ஜமால், அதிராம்பட்டினத்துக்காரர், தேராவில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார். அவருக்கு இதில் ஒரே சிரிப்பு. "ஒங்க வாப்பா குடுத்து வச்சவருண்ணே. ஊருல மாடு மேச்சுக்கிட்டு கெடந்தவரு... இன்னைக்கு துபாய்ல அவரு பேரச் சொல்லாத ஆளில்ல. ஒங்கள பெத்ததுக்கு இதாச்சும் கெடச்சுச்சே."

எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் எம்ரிஸ் வில்லியம்ஸ், வேல்ஸ்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், பிறகு உலகமெல்லாம் பாலம் கட்டியவர். ஒரு வியாழக்கிழமை, அரை நாள் டூட்டி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, என் கேபினுக்கு வந்து நகல் இயந்திரத்தில் எதையோ போட்டார். சைட் வரைபடம் இல்லை. வம்ச மரம். மேலே போகப் போகக் கிளைகள் குறைந்து, ஒரு இடத்தில் வெறும் கேள்விக்குறியோடு நின்றிருந்தது.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டேன். அவரும் சொன்னார், சைட்டில் யாரிடமும் பேசாத அளவுக்குப் பேசினார்.

அவருடைய தாத்தாவின் பாட்டி மாரி. ஆங்கிலத்தில் எழுதும்போது மேரி, வீட்டில் மாரி. (மாரி! எங்கள் தெருவில் மட்டும் மூன்று மாரிகள் உண்டு.) அவளுடைய கல்லறைக் கல்லில் "மேரி கிரிஃபித்" என்றுதான் இருக்கிறது, வில்லியம்ஸ் என்று இல்லை. கணவன் கடலிலேயே செத்தவன், அவனுக்குக் கல் கிடையாது. எம்ரிஸ் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு சாவு வீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த அவருடைய சித்தி, அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் தேநீர்க் கோப்பையும் கையுமாகச் சொன்னாளாம்: "அப்படியானால் உங்கள் வம்சமே கல்யாணம் ஆகாமல் வந்ததுதான்." எல்லோரும் கேட்கும்படி. எம்ரிஸுக்கு அது மறந்துவிட்டது. அவருடைய அக்கா மேகனுக்கு மறக்கவில்லை.

மேகன் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அந்தச் சிற்றூர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பணி ஓய்வுக்குப் பிறகு பல ஆண்டுகளாகப் பதிவேடுகளைத் தேடியும் ஒரு வில்லியம்ஸுக்கும் ஒரு கிரிஃபித்துக்கும் திருமணம் நடந்ததாக எங்குமே இல்லை. இப்போது இதயம் பலவீனப்பட்டுவிட்டது. சாவதற்குள் அந்தப் பதிவு கிடைக்க வேண்டும், கிடைத்தால் மாரியின் கல்லில் "இன்னாரின் மனைவி" என்று ஒரு வரி வெட்ட வேண்டும். இதுதான் அவர் ஆசை. இது ஒன்றுதான்.

நான் சிரித்துவிட்டேன். எம்ரிஸ் முகம் சுளித்தார். அவசரமாக விளக்கினேன்.

என் மனைவி சிவகாமியை ஒருமுறை துபாய்க்கு அழைத்துவர விசா கேட்டபோது, கவுண்டரில் இருந்தவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு விழித்தார். என்னுடையதில் பெரியசாமி, அவளுடையதில் ஆறுமுகம். இவள் உன் மனைவி என்றால் உன் பெயர் எங்கே என்றார். அவரவர் அப்பா பெயர் சார் என்றால் அவருக்குப் புரியவில்லை. கோயிலில் தாலி கட்டியவனிடம் சான்றிதழ் ஏது? ஊரில் பதிவு அலுவலகத்துக்கு நடந்து, முத்திரைகள் வாங்கி அனுப்பிவிட்டு, போனில் சிவகாமி கேட்டாள்: "முப்பது வருசம் ஒங்களுக்கு ஒல வச்சிக் கொட்டியிருக்கேன். நான் ஒங்க பொண்டாட்டிதானான்னு அவனுக்கு இப்பத்தான் சந்தேகம் வந்துச்சாக்கும்?"

"உங்கள் மாரியும் அப்படித்தான் சார்" என்றேன். "கிரிஃபித் அவள் அப்பா வழிப் பெயராக இருக்கும். கல்யாணம் ஆகியும் விடாமல் வைத்திருப்பாள்."

பிறகு, அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. "சார், உங்கள் தாத்தாவின் தாத்தா பெயர் என்ன?"

"வில்லியம் வில்லியம்ஸ் என்று நினைக்கிறோம். நிச்சயமில்லை. வில்லியம் என்பது மட்டும் தெரியும்."

"வில்லியம் மட்டும்தான் அவர் பெயர். வில்லியம்ஸ் அவருடைய பிள்ளைகளின் பெயர். வில்லியமின் மகன், வில்லியம்ஸ். அவர் தன் பெயருக்குப் பின்னால் தன் அப்பா பெயரைத்தான் வைத்திருப்பார். என்னைப் போல. நீங்கள் பெரியசாமிக்குப் பொண்ணு பார்க்கிறீர்கள் சார், மாப்பிள்ளை நடராசன்."

அந்த வழக்கம் தன் நாட்டிலும் இருந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அது ராஜாக்கள் காலத்தோடு ஒழிந்துவிட்டது என்று எண்ணியிருந்தார். மலைப்பக்க ஊர்களில் அது அவ்வளவு சீக்கிரம் ஒழியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியானால் உங்கள் பெயர் நடராசனா?" என்றார். அன்று முதல் அவர் என்னை அப்படித்தான் அழைத்தார்... துபாயில் ஒரே ஒருவர்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தார். நான் பாலில்லாத சுலைமானி டீ போடுவேன். அவர் ஊர்த் தேவாலயப் பதிவேடுகளைப் படித்துச் சொல்லும் ஒரு சங்கம் வேல்ஸில் இருந்தது. அதில் ஒரு தன்னார்வலர் அம்மா. அவருக்கு எழுதும் பொறுப்பை எம்ரிஸ் என்னிடமே விட்டுவிட்டார். கராமாவில் எங்கள் ரூமுக்குக் கீழே இருந்த நெட் சென்டரிலிருந்து எழுதினேன். வில்லியம்ஸ் வேண்டாம், எந்த வில்லியமானாலும் சரி, மேரி கிரிஃபித்தை மணந்தவன் யார் என்று கேட்டேன்.

பதில் வந்தது!

வில்லியம் ராபர்ட்ஸ், மாலுமி. மேரி கிரிஃபித். இருவரும் அதே ஊர். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து நடந்த திருமணம். நம் ஊர் மாதா கோயிலிலும் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்களே, அதுதான். அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவள் சிலுவைக் குறி இட்டிருக்கிறாள், மை பரவும் அளவுக்கு அழுத்தி, என்று அந்த அம்மா எழுதியிருந்தார். நெட் சென்டரில், யாரோ இருமிக்கொண்டிருந்த இரைச்சலில், அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏன் அவ்வளவு அழுத்தினாள்? பேனாவைப் பிடித்த முதல் தடவையா? மகிழ்ச்சியா?

நான் சந்தேகப் பிராணி. இந்த வில்லியம்தான் அந்த வில்லியம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று மறுபடி எழுதினேன். அடுத்த வாரம் அதற்கும் பதில் வந்தது. முதல் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவு: ஜான், வில்லியம் ராபர்ட்ஸுக்கும் மேரிக்கும் மகன். எம்ரிஸ் வரைந்த மரத்தில் இருக்கும் அதே ஜான். பின்னாளில் ஜான் வில்லியம்ஸ், அவனோடு அந்தப் பெயர் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. இனி சந்தேகமே இல்லை.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? போனை எடுத்திருப்பீர்கள். அல்லது மறுநாள் காலை சைட்டில் அவர் கார் நிற்கும் இடத்துக்கே ஓடியிருப்பீர்கள்.

நான் வியாழக்கிழமை வரட்டும் என்று இருந்தேன். வியாழக்கிழமை வந்தது. "ஏதாவது செய்தி உண்டா, நடராசன்?" என்று கேட்டார். "இன்னும் இல்லை சார்" என்றேன்.

ஏன்?

இந்தக் கேள்வியை எத்தனை தடவை என்னிடமே கேட்டிருக்கிறேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை.

முதல் காரணம் ஆவல். வில்லியமின் அப்பா ராபர்ட் என்று தெரிந்துவிட்டது. அந்த ராபர்ட் யார்? அந்த ஊரில் இரண்டு ராபர்ட்கள் இருந்தார்கள், ராபர்ட் ஓவன், ராபர்ட் தாமஸ். இரண்டில் எது? அதையும் கண்டுபிடித்து, அதற்கு மேலும் ஏறி, முழு மரமாகக் கையில் கொடுத்தால் என்ன? கட்டி முடிக்காத கட்டடத்தின் சாவியைக் கொடுப்பார்களா? அந்த அம்மாவுக்கு மேலும் மேலும் எழுதினேன். ஒவ்வொரு பதிலும் இன்னொரு கேள்வியாகப் பிரிந்தது. அந்த இனிப்பு உங்களுக்குத் தெரியுமோ என்னவோ! முன்பின் காணாத ஒரு குடும்பத்தின் படுக்கையறை வாசல்வரை போய் எட்டிப் பார்க்கும் இனிப்பு.

இரண்டாவது காரணம்... பதிவு கிடைத்ததும் அக்காவிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று எம்ரிஸ் சொல்லியிருந்தார். கொடுத்தால் தேடல் முடிந்தது. தேடல் முடிந்தால் அந்த மனிதர் எதற்காக என் கேபினுக்கு வருவார்? அந்த வசந்தத்தில் என் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது, கையெழுத்துப் போடுபவர் அவர். அதற்காகத்தானா? இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அது சிறு பங்கு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஜமாலிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கண்டுபுடிச்சத மடியில வச்சிக்கிட்டு என்ன பண்றிய?"

"இன்னும் ஒரு தலைமுறை பாத்துட்டுக் குடுத்திடலாம்னு..."

"அந்தம்மா ஒரு தலைமுறைதான் கேட்டுச்சு. நீங்க ஆதம் நபி வரைக்கும் போயிட்டு வர்றதுக்குள்ள அது மவுத்தாயிடும்ணே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டார்.

நான்காவது வியாழக்கிழமை எம்ரிஸ் வரும்போதே முகம் சரியில்லை. மேகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். கோடைவரை தாங்குவார் என்று டாக்டர் சொல்கிறாராம். அப்போதும் கேட்டார்: "அந்த அம்மாவிடமிருந்து ஏதாவது?"

மேசை இழுப்பறையில், என் முழங்காலுக்கு நேராக, இரண்டு பதில்களின் அச்சுப் பிரதிகளும் இருந்தன. "அவர்களுக்கு நிறைய வேலை போலிருக்கிறது சார்" என்றேன். என் தாமதத்தை முகமறியாத ஒரு பெண்மணியின் தலையில் கட்டினேன். அது எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! கோடைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று மனம் உடனே கணக்குப் போட்டது. மூன்று மாதத்தில் ராபர்ட்டைப் பிடித்துவிடலாம்.

ஆறாவது வாரம் அந்த அம்மா எழுதினார். இரண்டு ராபர்ட்களில் எது என்று சொல்ல வழியில்லை, அந்த ஆண்டுகளின் பக்கங்கள் ஈரத்தில் அழிந்துவிட்டன என்று. அத்தோடு என் ஆவல் முட்டி நின்றது. இனி கொடுத்துவிடலாம். ஆனால் தேதி? அச்சுப் பிரதியின் தலைப்பிலேயே பழைய தேதி இருக்கிறதே! விவரங்களை மட்டும் ஒரு வெள்ளைத்தாளில் அழகாகத் தட்டச்சு செய்தேன். எப்போது வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? நேற்று இரவு என்றால், அதற்குள் எப்படித் தட்டச்சு செய்தாய் என்பார். செவ்வாய் இரவு என்றால் பொருந்தும். புதன்கிழமை தட்டச்சு செய்துவிட்டு, சந்திக்கும் நாளுக்காகக் காத்திருந்ததாக ஆகும்.

வியாழக்கிழமை அவர் கதவைத் திறந்ததும், அவர் வாய் திறக்கும் முன்பே, தாளை நீட்டினேன். "கிடைத்துவிட்டது சார். செவ்வாய் இரவு வந்தது."

அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"செவ்வாய் இரவா?"

"ஆமாம் சார். செவ்வாய் இரவு."

"மேகன் செவ்வாய் இரவு போய்விட்டாள்" என்றார். "அதைச் சொல்லத்தான் வந்தேன். இன்றைக்கு ஃபிளைட்."

அந்தக் கணம் எனக்குக் கொடுக்கப்பட்டது. அதை நான் மறுக்க மாட்டேன். சார், நான் சொன்னது பொய், ஆறு வாரமாக இது என்னிடம் இருந்தது... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன். ஆனால் அவர் முந்திக்கொண்டார். அவர் முகத்தில் அழுகையோடு வேறு ஏதோ ஒன்று கலந்திருந்தது. வெளிச்சம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மேலே போனதும் முதல் வேலையாக மாரியைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறாள்" என்றார். "பிடிவாதக்காரி. கேட்டு வாங்கி உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள், நடராசன்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

இறுதிச் சடங்கில் போதகர் இதைச் சொன்னாராம். கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று பாடினார்களாம். துபாயில் இருக்கும் ஒரு தமிழருக்காக அந்தச் சிற்றூரில் ஜெபம் செய்தார்களாம். மாரியின் கல்லில் "வில்லியம் ராபர்ட்ஸின் மனைவி" என்று வெட்டிவிட்டார்கள். போட்டோ அனுப்பியிருந்தார். எழுத்து ஒவ்வொன்றும் சரியாக இருந்தது.

அந்தத் தன்னார்வலர் அம்மாவுக்கு எம்ரிஸ் நன்றி எழுதியதாகச் சொன்னபோது பல நாள் சோறு இறங்கவில்லை. தேதி வெளிப்பட்டுவிடுமே! ஒன்றும் வெளிப்படவில்லை. ஆயிரம் பேருக்குப் பதில் எழுதும் அவர், மகிழ்ச்சி என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பார்.

எம்ரிஸ் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். ஆண்டுதோறும் மேகன் இறந்த நாளில் கூப்பிடுகிறார். கூப்பிடும்போதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லச் சொல்கிறார். நானும் சொல்கிறேன். முதல் ஆண்டு சுருக்கமாகச் சொன்னேன். அடுத்த ஆண்டு, கராமாவில் அன்று தூறல் போட்டதாகச் சேர்த்தேன். பிறகு, காரணமே இல்லாமல் அன்று படியிறங்கி நெட் சென்டருக்குப் போகத் தோன்றியதாகச் சேர்த்தேன். கேட்கக் கேட்க அவர் குரல் இளகுகிறது. இப்போது உண்மையைச் சொன்னால் அக்காவை அவர் இரண்டாம் முறை இழப்பார். அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன்... என்று எழுதும்போதே, இது அவருக்காகவா எனக்காகவா என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டும் கூப்பிட்டார். உடம்பு தளர்ந்த குரல். டிசம்பரோடு என் விசா முடிகிறது, நானும் ஊர் திரும்பப் போகிறேன் என்றேன். அப்படியானால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் என்றார். மேகன் போனது இரவு எட்டு நாற்பதுக்கு. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதிவு உங்களுக்கு வந்தது எத்தனை மணிக்கு?

நினைவில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். எண்ணிப் பழகிய மூளை அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. பிப்ரவரி மாதம், அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடை நேரம் இன்னும் தொடங்கியிருக்காது. ஆகவே வித்தியாசம் நான்கு மணி. எட்டு நாற்பதோடு நான்கு...

"பன்னிரண்டு நாற்பத்து மூன்று சார். இங்கே புதன் பிறந்துவிட்டது. உங்களுக்கு அப்போது செவ்வாய்தான்."

மறுமுனையில் அவர் கூட்டிக் கழிப்பது எனக்குக் கேட்டது.

"மூன்று நிமிடம்" என்றார் கடைசியில். "மூன்றே நிமிடம்."

ஆறு வாரம் மறைத்ததை ஆவல் என்று சொல்லி ஓரளவு தேற்றிக்கொள்கிறேன். செவ்வாய் என்ற பொய் பயத்தில் வந்தது, அதன் பிறகு மௌனம் இரக்கத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மூன்று நிமிடம்? சரியாக எட்டு நாற்பது என்று சொன்னால் நம்பும்படி இருக்காது என்று, கண் இமைக்கும் நேரத்தில், நிதானமாக, நான் கூட்டிச் சேர்த்த அந்த மூன்று நிமிடம்... அதற்கு என்ன பெயர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த பெயரை எழுதக் கை வரவில்லை.